மூலையில்லாத வீடு

விற்பனைப் பத்திரத்தில்
'குடியிருப்பு, வட்ட வடிவம்' என்று மட்டும் இருந்தது.
அலமாரி வந்திறங்கிய அன்றுதான் புரிந்தது,
அதன் முதுகு எந்தச் சுவரோடும் ஒட்டாது என்று.
அந்த இடைவெளியில் இதுவரை விழுந்தவை:
ஒரு சீப்பு, தண்ணீர் வரி ரசீது,
ரைன்தரின் வலது கையுறை,
பிறகு ரைன்தரின் பொறுமை.

இந்த வீட்டில் யாரையும் மூலையில் உட்காரவைக்க முடியாது.
பெருக்கினால் தூசி ஒதுங்க இடமில்லாமல்
ஒரு சுற்று சுற்றிவிட்டு
என் காலடிக்கே வருகிறது.

ஃப்ரீஸ்லாந்தின் இந்தக் கால்வாய்க் கரையில்
இதைக் கட்டியவன் பெயர் நிலைவாசலுக்கு மேல் இருக்கிறது.
யெல்மர், 1811.
அதற்குக் கீழே யாரோ ஆணியால் கீறியது: திருடன்.
மூட்டைக்கு ஒரு கை மாவு அவன் கூலி.
கை கொஞ்சம் பெரிய கை, அவ்வளவுதான்.
தேவாலயத்தார் தராசைத் தூக்கிப்போன வாரத்தைக்
காற்று ஓய்ந்த வாரம் என்று
கணக்கில் எழுதிவைத்திருக்கிறான்.

மருமகள் ஹிஸ்கே.
மகன் மீன்பிடிக் கப்பலோடு போனவன் போனவன்தான்.
பதினோரு வருடம் அவள்
காற்றோடு குடித்தனம் நடத்தினாள்.
காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று சொல்வது சுலபம்.
காற்று நள்ளிரவில் வந்தால்?
இடுப்புவலியோடு சேர்ந்து வந்தால்?
வந்திருக்கிறது. வடமேற்கிலிருந்து.
கணக்குப் புத்தகத்தில் ஒரே வரி:
பெண் குழந்தை. கோதுமை பதினான்கு மூட்டை.

பக்கத்து ஊரில் நீராவி இயந்திரம் ஓடத் தொடங்கியதும்
அவள் அழவில்லை.
ஆலைக் கதவைச் சாத்தினாள்.
ஒன்பது மணி நேரம் தூங்கினாள்.

நான்கு இறக்கைகளையும் பன்றி வளர்ப்பவன் ஒருவன்
வேலிக்கென்று வாங்கிப்போனான்.
அப்புறம் உருளைக்கிழங்கு. அப்புறம் புறா.
போர்க்காலத்தில், உச்சிக் கூரைக்குள், ஒரு மனிதர்.
கடிகாரம் பழுதுபார்ப்பவராம்.
பெரிய பல்சக்கரம் இன்னும் அங்கேயே இருக்கிறது,
என் கட்டிலுக்கு நேர் மேலே.
ஐம்பத்தெட்டு மரப்பற்கள்.
நாளுக்கு ஒன்றோ, வாரத்துக்கு ஒன்றோ தெரியாது,
பென்சிலால் எண் போட்டிருக்கிறார்.
நாற்பத்தொன்றோடு நின்றுவிட்டது.
படகில் தப்பினார் என்கிறது ரொட்டிக்கடை.
இல்லை என்கிறது தபால் நிலையம்.
நான் நாற்பத்திரண்டுக்குக் கீழே படுத்திருக்கிறேன்.

எழுபதுகளில் இதை வீடாக்கியவர் ஒரு பல் மருத்துவர்.
குளியலறை வைத்தார்,
காற்று நுழைந்த துளைகளையெல்லாம் ரப்பரால் அடைத்தார்,
திரிகைக்கல்லைச் சாப்பாட்டு மேசையாக்கினார்
(சூப் கிண்ணம் எப்போதும் லேசாகச் சாய்ந்திருக்கும்).
சாவியோடு ஒரு தட்டச்சுத் தாளும் விட்டுப்போனார்.
ஐந்தாவது குறிப்பு:
புயலடித்தால் படுக்கையறைக் கயிற்றை இழுத்துக் கட்டவும்.

அது பிரேக் கயிறு.
இறக்கையே இல்லாத ஆலையில் எதை நிறுத்துவது?
குழாய் ரிப்பேர்க்காரர் சிரித்தார்.
ரைன்தரும் சிரித்தான்.
அக்டோபரில் இரண்டு பெட்டிகளோடு காரில் ஏறும்போது
'கயிற்றைப் பார்த்துக்கொள்' என்றான்.

நேற்று இரவு அணைக்கரையில் ஆடுகள்கூட
காற்றுக்கு முதுகு காட்டி நின்றன.
இரண்டரை மணிக்கு மேலே தண்டு முனகியது,
படுத்திருப்பவர் புரள நினைத்து
புரளாமல் விடுவதுபோல.
எழுந்தேன். யாரும் பார்க்கவில்லைதான்,
ஆனாலும் வெட்கமாக இருந்தது.
இழுத்தேன்.
மரக்கட்டை சக்கரத்தின் மேல் இறங்கிய சத்தம்
என் பற்கள்வரை வந்தது.
ஏதோ ஒன்று நின்றது.
ஓடியிராத ஒன்று எப்படி நிற்கும் என்று கேட்காதீர்கள்.

உத்தரத்து இடுக்கிலிருந்து தலையணையில்
ஒரு சிட்டிகை மாவு.
நூறு வருடப் பழசு, சாம்பல் நிறம்.
யெல்மரின் கூலியில் மிச்சமோ என்னவோ.
நாக்கில் வைத்தேன். புறா வாசனை.

கட்டில்மேல் ஏறினால் நாற்பத்திரண்டு கைக்கு எட்டும்.
ஏறினேன்.
பென்சில் இல்லை.
அலமாரிக்குப் பின்னால்தான் விழுந்திருக்கும்.